இரண்டாம் தாள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

பூனை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீயும் அம்மாவும் நலமா? அம்மாவின் முட்டி படி ஏற விடுகிறதா? போனில் கேட்டால், "என்னது, பெட்டியா?" என்கிறாள். அதனால் வழக்கம்போல முதல் தாள் அவளுக்கு, இரண்டாம் தாள் உனக்கு. முதல் தாளைச் சத்தமாகப் படி. பக்கத்து வீட்டுக்காரரும் காத்திருப்பார், பாவம்.

அம்மா, எனக்கு வேலை மாற்றம். பொது வார்டிலிருந்து ஆராய்ச்சி வார்டுக்குப் போட்டிருக்கிறார்கள். பத்தே கட்டில். ஆபரேஷன் ஆனவர்களுக்குப் புதிதாக ஒரு வலி மருந்து கொடுத்துப் பார்க்கிறோம். அறுபது பேருக்குக் கொடுத்து முடிந்ததும் பெரிய டாக்டர் கட்டுரை எழுதி ஏதோ ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பப்போகிறார். "நீ பொறுப்பான ஆளுப்பா, அதான் உன்னைக் கேட்டு வாங்கினேன்" என்றார். உன் பிள்ளைக்கு இப்படியும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இரண்டாம் தாள்

காகிதத்தில் தப்புத் தேடும் பூதக்கண்ணாடி அக்காவிடம் ஒரு சின்ன சந்தேகம். ஒப்புதல் படிவத்தில் சாட்சிக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்களே, அதற்கு என்ன மதிப்பு? நண்பன் ஒருவன் கேட்டான். ஆஸ்பத்திரி என்றாலே காகிதம்தான். முந்தாநாள் மத்தியானம் கையெழுத்துப் போட்டுப் போட்டு என் பேனா ஒன்று செத்தே போனது. வேறொன்றுமில்லை.

உன் தம்பி,
பூனை

பிப்ரவரி 15

அன்புள்ள பூனைக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். அம்மா உன் வேலை மாற்றத்தைத் தெருவுக்கே சொல்லிவிட்டாள். நீ டாக்டராகிவிட்டதாகக் காய்கறிக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய இடுப்பு வலிக்கு நீ மருந்து எழுதி அனுப்ப வேண்டுமாம்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். பத்து வருஷமாக இதே வேலைதான் பார்க்கிறேன், ஆனாலும் நான் ஆபீஸில் என்ன செய்கிறேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் மருத்துவ இதழுக்கு வரும் கட்டுரை நல்லதா கெட்டதா என்று சொல்லப் பெரிய படிப்பாளிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும் முன் அது என் மேசைக்கு வரும். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிக்குழு அனுமதித்ததா, மருந்தைக் கொடுத்துப் பார்த்த மனிதர்களைக் கேட்டார்களா, அவ்வளவுதான் என் கேள்வி. கல்யாணத்துக்கு முன் பெண்ணைக் கேட்டீர்களா என்று கேட்கிற கிழவி மாதிரி. ஒருவருக்கும் என்னைப் பிடிக்காது.

கண்ணால் பார்த்தவன்தான் சாட்சி. இன்ன மருந்து, இன்னது ஆகலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று நோயாளியிடம் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அவர் கையெழுத்திடுவதைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் சாட்சி பேனாவைத் திறக்கலாம். உன் நண்பனிடம் சொல். சின்ன வயதில் ஊறுகாய் ஜாடியை உடைத்ததும் ஒரு நண்பன்தான், ஞாபகம் இருக்கிறதா?

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா, வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி. எனக்குத் தலைக்கு மேல் வேலை, அதனால் இந்த முறை சுருக்கமாக எழுதுகிறேன்.

இரண்டாம் தாள்

அம்மா பக்கத்தில் இல்லாதபோது படி.

ஆறாம் கட்டிலில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். பித்தப்பை ஆபரேஷன். சேர்க்கும்போது கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினேன். "எத்தனை பள்ளிக்கூடச் சட்டையில பேர் தைச்சுக் கொடுத்திருக்கேன், என் பேரை எழுத மாட்டேனா தம்பி?" என்று சிரித்தாள். பதிவேட்டில் கோடு தாண்டாமல் முழுப் பெயரையும் எழுதினாள்.

பன்னிரண்டாம் தேதி பகல் இரண்டு மணிக்கு மருந்து ஏற்றினோம். தூங்கினாள். ஒன்பதாம் கட்டிலில் ஒருவர் கூப்பிட்டார், போய்விட்டு வந்தேன். கால் மணி நேரம்கூட இருக்காது. உதடு நீலமாக இருந்தது. மூச்சை எண்ணப் பார்த்தேன், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் எல்லாரும் போராடினோம், அக்கா. போய்விட்டாள்.

மகளிடம் "இதயம் நின்னுடுச்சும்மா" என்றார் பெரிய டாக்டர். ஆய்வு நோட்டில், "எண் 23: தானாக விலகினார்" என்று எழுதினார். விலகினாரா சார் என்று கேட்டேன். "உயிரோட இல்லாதவங்க ஆய்வுல எப்படிப்பா இருக்க முடியும்? அப்ப விலகினதுதானே" என்றார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை வரவில்லை.

பூனை

மார்ச் 25

அன்புள்ள பூனைக்கு,

உன் தாளை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். பயப்படாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எனக்கே பயமாக இருக்கிறது.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு நெறிக்குழு கட்டாயம் இருக்கும். அதன் தலைவரைத் தனியாகப் போய்ப் பார். நடந்ததைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவை. நோட்டை வார்டில் வைக்காதே.

ஒன்று கேட்கிறேன். மருந்து ஏற்றும் முன் அந்த அம்மாவை யாராவது கேட்டார்களா? படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்களா? கடைசி வரியில் எதை விழுங்கினாய்? உடனே எழுது.

அக்கா

ஏப்ரல் 22

பூனைக்கு,

நான்கு வாரமாகிறது. போன் செய்தால், "டூட்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வரவே இல்லை. அம்மா தினமும் தபால்காரரிடம் சண்டை போடுகிறாள், கடிதத்தை அவர்தான் ஒளித்துவைத்திருக்கிறாராம். அம்மாவுக்கு நானே ஒரு கடிதம் எழுதி, நீ எழுதியதாகப் படித்துக் காட்டினேன். பொய்யை அடுத்தவர் காகிதத்தில் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

ஒரு வரியாவது எழுது.

அக்கா

மே 9

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். வேலை நன்றாகப் போகிறது. அறுபது பேரும் முடிந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் கட்டுரையை எழுதிவிட்டார். வார்டில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்.

அக்கா ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருந்தாள். போய்ப் பார்த்தேன். பெரிய டாக்டருக்கு அவர் மச்சானாம், எனக்குத் தெரியாது. உட்காரவைத்து நன்றாகப் பேசினார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தெரு என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். திரும்பி வருவதற்குள் வார்டுக்குச் செய்தி வந்துவிட்டது. இனி அக்கா என்னை யாரையும் பார்க்கச் சொல்ல வேண்டாம்.

அம்மா, மாத்திரையை மறக்காதே. வாசல் கதவைப் பகலிலும் தாழ்போட்டு வையுங்கள்.

அன்புடன்,
பூனை

ஜூலை 2

அன்புள்ள பூனைக்கு,

உன் மே மாதக் கடிதத்தின் உறையைக் கிழித்து உள்ளே எல்லாம் தேடினேன். இரண்டாம் தாள் இல்லாமல் நீ எழுதியது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து கதவைத் தாழ்போட்டுத்தான் வைத்திருக்கிறோம். ஏன் என்று அம்மா கேட்கவில்லை.

இப்போது கேள். அந்தக் கட்டுரை என் மேசைக்கு வந்திருக்கிறது. உலகத்தில் எத்தனையோ இதழ்கள் இருக்க, பெரிய டாக்டர் எங்கள் இதழுக்கு அனுப்பியிருக்கிறார். "கடுமையான பாதிப்பு யாருக்கும் இல்லை. ஒருவர் தானாக விலகினார்."

எங்களுக்கு ஒரு விதி உண்டு. கட்டுரை வந்த இடத்தில் சொந்தக்காரர் யாராவது வேலை பார்த்தால், இதழின் ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் கோப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் சொல்லவில்லை. சொன்னால் நூல் பிடித்து உன்னிடம் வந்துவிடுவார்களோ என்று பயம். வேறொருவர் கண்ணில் படாமல் போய்விடுமோ என்றும் பயம். வாயை மூடிக்கொண்டு வழக்கமான கேள்விக் கடிதம் ஒன்றை அனுப்பினேன். விலகியவர் ஏன் விலகினார், அறுபது ஒப்புதல் படிவங்களின் நகல் வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

அனுப்பிய பிறகு கோப்பில் வைக்க அதை ஒரு தடவை படித்தேன். "ஆறாம் கட்டில் நோயாளி ஏன் விலகினார்?" என்று எழுதியிருக்கிறேன். கட்டுரையில் கட்டில் எண் எங்கேயும் இல்லை. 23 என்ற எண்தான் இருக்கிறது. உன் தாளிலிருந்த ஆறு என் விரலுக்குப் போயிருக்கிறது. பத்து வருஷம் அடுத்தவர் தப்பைப் பிடித்தவள், தம்பி கழுத்தில் என் கையாலேயே சுருக்குப் போட்டுவிட்டேன்.

லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. உடனே வா.

அக்கா

ஜூலை 13

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். இதை ஸ்டோர் ரூமில் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது என் டூட்டி இங்கேதான்.

பெரிய டாக்டர் கூப்பிட்டு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினார். நிதானமாக, இரண்டு தடவை. "எண்ணைச் சொன்னா டாக்டர், கட்டிலைச் சொன்னா நர்ஸ். இந்த லெட்டர்ல கட்டில்னு இருக்கு. நர்ஸ் யாரோ பேசியிருக்காங்க, இல்லையாப்பா?" என்றார். அதோடு விடவில்லை. "உங்கக்கா எங்கேயோ ஆபீஸ்ல இருக்கறதா என் மச்சான் சொன்னாரே, என்ன ஆபீஸ்?" என்றார். தபால் சம்பந்தப்பட்டது என்றேன். வாயில் வந்தது அதுதான்.

நேற்று டூட்டி முடிந்து அறைக்குப் போனால் என் போர்வை வேறு விதமாக மடித்திருந்தது. நான் நான்காக மடிப்பேன், அது மூன்றாக இருந்தது. உன் கடிதங்கள் என்னிடம் பத்திரம், எங்கே என்று எழுதமாட்டேன்.

வீட்டுக்கு வர முடியாது. வந்தால் ஓடிவிட்டான் என்று சொல்லிவிடுவார்கள். உன் மேல் கோபம் இல்லை. ஒரே ஒரு உதவி செய். அந்தப் படிவங்கள் வேண்டாம் என்று எழுதிவிடு. காரணம் கேட்காதே அக்கா, கேட்காதே.

பூனை

ஜூலை 24

பூனைக்கு,

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்பே படிவங்கள் வந்துவிட்டன.

அறுபதிலும் சாட்சி நீ. அந்தச் சுழித்த வாலை எனக்குத் தெரியாதா? உன் ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை நீ போட்ட நாளிலிருந்து தெரியும்.

வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். முதல் படிவம் பிப்ரவரி, கடைசிப் படிவம் ஏப்ரல். முப்பதுக்கு மேல் உன் கையெழுத்து வெளுத்துக்கொண்டே வருகிறது. முப்பத்தெட்டில் பாதி எழுத்தோடு நின்று, மேலே இன்னொரு தடவை எழுதியிருக்கிறாய். முப்பத்தொன்பதிலிருந்து வேறு பேனா, நல்ல கறுப்பு. மூன்று மாதமாகவா ஒரு பேனா செத்துக்கொண்டிருந்தது? ஒரே மத்தியானத்தில் செத்த பேனாவைப் பற்றி நீதானே எனக்கு எழுதினாய். நான் அதைப் படித்துச் சிரித்தேன்.

அதைக்கூட விடு. நோயாளிகள் வார்டுக்கு வருவதற்கு முன்பே காலிப் படிவங்களில் சாட்சி போட்டது தப்புதான். பெரியவர் நீட்டினால் பேனாவைத் திறக்கிற ஆள் நீ, அது எனக்குத் தெரியும்.

இருபத்து மூன்றாம் படிவத்தில் ஒரு கைநாட்டு இருக்கிறது. முழுப் பெயரையும் எழுதத் தெரிந்த அம்மாவின் கைநாட்டு. அழுத்தம் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. விரல் தானாக வைத்த மாதிரி இல்லை.

பூனை, அது யார் வைத்தது? பதில் எனக்குத் தெரியும் போலிருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது. கோப்பை என் மேசை டிராயரில் பூட்டிவைத்திருக்கிறேன். இதை எரித்தால் நான் யார், கொடுத்தால் உனக்கு நான் யார்? நீ சொல்லும் வரை டிராயரைத் திறக்கமாட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் உடம்பால் நலம். இந்த முறை ஒரே தாள்தான். அக்கா, இதை அம்மாவுக்குப் படி.

அம்மா, நான் பொறுப்பான ஆள் என்று பெரிய டாக்டர் சொன்னதாக எழுதினேன். அந்த வாரம்தான் அறுபது காலிப் படிவங்களை என் முன்னால் வைத்து, "சாட்சி போட்டுக் கொடுத்துடுப்பா, அப்புறம் ஒவ்வொண்ணா நிரப்பிக்கலாம்" என்றார். போட்டேன். மருந்து ஏற்றி அரைத் தூக்கத்தில் இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினோம். பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறாம் கட்டிலில் தையல்காரம்மா ஒருத்தி இருந்தாள். மருந்து ஏற்றும் முன் அவளிடம் யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. செத்துப்போனாள். படிவம் காலியாக இருந்தது. "சாட்சி நீதானே, காலியா இருந்தா மாட்டறது நீதான். என் கையெழுத்து அதுல எங்க இருக்கு?" என்று சொல்லி மைப்பெட்டியை என் கையில் கொடுத்தார்.

நான்தான் வைத்தேன் அம்மா. கட்டைவிரலைப் பிடித்து நான்தான் வைத்தேன். கை இன்னும் சூடாக இருந்தது. ஊசி குத்திக் காய்த்துப்போன விரல். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், மை போகவில்லை. மகள் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் நிமிர்ந்து, "இது என்ன மை?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரி வழக்கம்மா" என்றேன். சரி என்று தலையாட்டினாள். என்னை நம்பினாள்.

அக்கா, டிராயரைத் திற. நடந்ததை எல்லாம் தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட்டு உன் ஆசிரியருக்குத் தனி உறையில் வைத்திருக்கிறேன். இந்த முறை கண்ணால் பார்த்ததற்குத்தான் சாட்சி போட்டிருக்கிறேன்.

ஜெயிலா, வேலை போகுமா, அடிப்பார்களா, எதுவும் தெரியாது. சின்ன வயதில் பயந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வேன், அதனால்தான் பூனை என்று பெயர் வைத்தீர்கள். இங்கே எல்லாக் கட்டிலுக்கு மேலேயும் யாரோ படுத்திருக்கிறார்கள் அம்மா.

உங்கள் பிள்ளை

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். கடிதத்தைப் படிக்கும் முன் ஜன்னலை மூடப் போனேன். உனக்குத்தான் தெரியுமே, அம்மாவுக்குப் படிப்பதென்றால் தெருவுக்கே படிப்பது. "எதுக்கு மூடுற? இருக்கட்டும், சத்தமாப் படி" என்றாள். படித்தேன். பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். மைப்பெட்டி வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். "காதுல விழலை" என்றாள். அந்த வரியை மறுபடி படிக்கவைத்தாள்.

அழுவாள், உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "ஆபீசுக்கு எழுதிட்டான், எனக்கும் எழுதிட்டான். கையைப் புடிச்சுக் கேட்டாளே, அவளுக்கு யாரு பதில் சொன்னா?" என்றாள். அதோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கோப்பையும் உன் உறையையும் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். சாட்சி போட்டவன் என் தம்பி என்றும் சொன்னேன். "முதல் நாளே சொல்லியிருக்கணும்மா" என்றார், அவ்வளவுதான். கட்டுரையை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளை மேற்பார்வையிடும் துறைக்குப் புகார் போகிறது, உன் வாக்குமூலமும் அதோடு போகிறது. என் மேசையில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். விசாரணை முடியும் வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது நியாயம்தான். சொந்தத் தம்பி என்றதும் வாயை மூடிக்கொண்டேனே, நானும் ஒரு விதத்தில் காலிப் படிவத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.

கதவை இனித் தாழ்போட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு இன்னும் பயம்தான். சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது என்று எழுது. அம்மாவுக்கும் உனக்கும் ஒரே தாள், இனி அப்படித்தான்.

என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நாளைக்கு அதிகாரிகள் விசாரிக்க வருகிறார்கள். அவர்கள் மூலமாகத் தையல்காரம்மாவின் மகளுக்குத் தெரியக்கூடாது என்று இன்றைக்கே வந்துவிட்டேன்.

தையல் கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் வந்தவன், ஒன்பது பஸ்ஸை விட்டுவிட்டேன். கடையில் மகள்தான் தைக்கிறாள். பள்ளிக்கூடச் சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பக்கத்தில் இன்னொரு மெஷினைத் துணி போட்டு மூடியிருக்கிறாள். பெரிய டாக்டர் முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. அவரால் என் வேலையைத்தான் பிடுங்க முடியும்.

என்ன சொல்வதென்று பத்து விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அன்றைக்கு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், இது என்ன மை என்று. அதற்குப் பதிலை மட்டும் சொல்லலாம் என்றிருக்கிறேன். அடித்தால் நிற்பேன்.

உறையில் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிவிட்டேன். கடை வாசலிலேயே தபால்பெட்டி இருக்கிறது. போட்டுவிட்டு உள்ளே போவேன். இப்போது மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்க்கிறாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, அக்கா. வரச் சொல்லிக் கையைக் காட்டுகிறாள், ஏதோ தெரிந்தவரைக் கூப்பிடுவதுபோல.

போகிறேன்.